வெள்ளை இலைக்குப் பச்சைதான் சோறு

சித்திரை பிறந்துவிட்டால் மாலைச் செய்தியில் வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியல் வாசிப்பார்கள். வேலூரோடு எங்கள் திருத்தணியின் பெயரும் அதில் அடிக்கடி வரும். கடல்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுற்றிலும் கருங்கல் குன்றுகள். பகலெல்லாம் ஏறிய சூட்டைக் கான்கிரீட் கூரை ராத்திரி பத்து மணிக்கும் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஊரில், வெள்ளைத் திட்டு போட்ட மணிபிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா என்று ஆசை ஆசையாக வாங்கி வரவேற்பறையில் வைக்கிறார்கள். அந்த ஆசை வீண்போகக் கூடாது.

மணிபிளான்ட்டின் பூர்வீகம் தாஹிட்டிக்குப் பக்கத்தில், பசிபிக் கடலில் இருக்கும் மோரியா என்ற சின்னத் தீவு. 1880-ல்தான் தாவரவியல் ஏட்டில் அதன் பெயர் ஏறியது. அங்கே ஆண்டு முழுக்க ஈரக்காற்று. வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். உயர்ந்த மரங்களின் இலைக்கூட்டத்தைத் தாண்டி விழுகிற வெளிச்சத்தில் மரமேறி வளர்ந்த கொடி இது. நம் ஊர் மேல்காற்றின் வறட்சி அதற்குத் தெரியாது. அதே சமயம், கும்மிருட்டும் அதற்குத் தெரியாது. இந்த இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

இலையில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பச்சையம் இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு. அந்த இடம் தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்ளாது. பக்கத்தில் இருக்கும் பச்சை சமைத்துப் போடுவதைத்தான் உண்ணும். ஆகவே முழுப் பச்சைச் செடிக்குப் போதுமான வெளிச்சம் இதற்குப் போதாது. ஆனால் வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்ட வீட்டில், டிவி பக்கத்து மூலைதான் இதற்குக் கிடைக்கிறது. அங்கே கொடி நீளும், இலை சிறுக்கும், கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடும். செடி வாடுகிறதே என்று இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். இருட்டில் செடி தண்ணீரை அதிகம் இழுக்காது. வேர் அழுகி, தண்டின் அடி கறுத்துப்போகும். நான் பார்த்தவரை இந்த ஊரில் வீட்டுச்செடி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கருவி வேண்டாம். நடுப்பகலில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, செடிக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள். இலைமேல் ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் போதும். நிழலே விழாவிட்டால் ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டும். கத்தி வெட்டினாற்போல் கறுப்பு நிழல் விழுந்தால் அது நேர்வெயில். வெள்ளைத் திட்டு முதலில் கருகும், கருகியது திரும்பவும் வெளுக்காது. கிழக்கு ஜன்னலின் காலை வெயில் பெரும்பாலும் தாங்கும். மேற்கு ஜன்னல், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், கூடவே கூடாது.

வெளிச்சம் குறைந்தால் புது இலைகள் பச்சை கூடி வரும். ஒரு கிளை முழுக்கப் பச்சையாகவே போனால் அது வேகமாக ஓடி மற்றதை அமுக்கிவிடும். கடைசியாக நல்ல கலப்போடு வந்த இலை எங்கே இருக்கிறதோ, அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும். பால்வெள்ளையாக மட்டுமே வரும் கிளையும் அப்படித்தான். பார்க்க அழகுதான், ஆனால் அது மற்ற இலைகளின் உழைப்பில் வாழ்வது.

கோடையில் இன்னொரு எதிரி செஞ்சிலந்தி. சூடும் வறட்சியும் கூடினால் இது பெருகும். இலையின் மேற்பரப்பில் ஊசி குத்தியது போன்ற வெளிர் புள்ளிகள் தெரியும். வெள்ளை இலையில் அது சட்டென்று கண்ணில் படாது. ஒரு வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினால், விழுந்த தூசியில் சில மெல்ல நகரும். இலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, நீர்த்த வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலத்தில் தெளித்தால் கட்டுப்படும்.

தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீடுகளில் தொட்டியின் விளிம்பில் வெள்ளை படியும், இலை நுனி பழுக்கும். வீணாகக் கூடாதென்று ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றுவது நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் கூடுதல். ஏ.சி. ஓடும் வீட்டில் குழாய் வழியே சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள்; அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும்.

அழுகலுக்கு மண்ணும் ஒரு காரணம். ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியம் நர்சரிகளிலிருந்து லாரி லாரியாகத் தமிழ்நாட்டுக்குச் செடி வருகிறது. வழியில் வேர் காயாமல் இருக்கப் பல செடிகளைக் களிமண் உருண்டையோடுதான் அனுப்புகிறார்கள். பயணத்துக்கு அது நல்லது. வீட்டுத்தொட்டியில் அதே உருண்டை இறுகிக் கல்லாகிவிடும். தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் கரைத்தெடுத்து, தென்னை நார்க்கழிவு, மணல், மண்புழு உரம் கலந்த கலவைக்கு மாற்ற வேண்டும். இதை வாங்கிய அன்றே செய்யாமல், கோடையில் வாங்கியிருந்தால் ஆடி வரை பொறுங்கள். ஆடிக்கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்குப் பூக்காவடி ஏறும் நாட்களில் மழையும் தலைகாட்டி, காற்றில் ஈரம் ஏறியிருக்கும். அப்போது மாற்றிய செடி சீக்கிரம் வேர் பிடிக்கிறது. உரமும் அதன் பிறகே.

இந்தச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்களே என்றால், அந்தப் பேச்சின் மூலம் 1989-ல் நாசா நடத்திய ஆய்வு. அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. வீட்டில் அதே பலன் கிடைக்க எண்ணி முடியாத அளவு செடி வேண்டும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அழகுக்காக வளர்க்கிறோம்; அது போதாதா?

மணிபிளான்ட் பூப்பது மிக மிக அரிது. பூக்கத் தூண்டும் ஜிப்ரலின் என்ற இயக்குநீரை அதனால் சரியாக உண்டாக்க முடியவில்லை என்று 2016-ல் கண்டறிந்தார்கள். பூ இல்லை என்றால் விதை இல்லை. ஆகவே நம் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கொடியும் யாரோ ஒருவர் ஒடித்துக் கொடுத்த துண்டின் வழி வந்தது. திருடி வைத்தால்தான் வளரும் என்று சொல்வார்கள். கேட்டு வாங்கினாலும் வளரும். பங்குனியிலேயே கணுவும் வேரும் உள்ள ஒரு துண்டைக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரில் போட்டு வைத்தால், கோடையில் தாய்ச்செடி போனாலும் அந்த வெள்ளைத் திட்டு போகாது.

வெட்டிய மிச்சத்தை ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ வீசிவிட வேண்டாம். இலங்கையின் கண்டியில் உடவத்தக்கலை காட்டுக்குள் புகுந்த இதே கொடி, மரங்களில் ஏறித் தரையையும் மூடி, அங்கே பெரிய தொல்லையாகிவிட்டது. சாறு வாயில் பட்டால் எரிச்சல் தரும் என்பதால் குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாமல், மக்கச் செய்யும் குழியில் போட்டு மண் மூடுங்கள். தண்டில் கணு இருந்தால் அங்கேயும் துளிர்க்கும், ஆகவே முதலில் இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயப்போடுங்கள்.