தரையிலேயே பறந்த நீலப்பெட்டி

சேலம் ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ வளைவைப் பார்ப்பவர்களுக்கு மந்திரிகுமாரி, அலிபாபா படங்கள்தான் நினைவுக்கு வரும். 1945-இல் அங்கிருந்து ஒரு போர்ப் படமும் வந்தது: ‘பர்மா ராணி’. ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப்படை வீரர்களின் கதை. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் படத்தை இயக்கியதோடு ஜப்பானிய அதிகாரியாக நடித்தும் இருந்தார். கச்சா பிலிமுக்கு அரசாங்கத்தைக் கெஞ்ச வேண்டியிருந்த காலம் அது. யுத்தத்துக்கு ஆதரவாகப் படம் எடுங்கள் என்று அரசு சொன்னால் மறுப்பது எளிதல்ல.

இந்த வகைப் படங்களை அமெரிக்கா அப்போது வரிசையாக எடுத்துத் தள்ளியது. முதல் உலகப்போரில் தானே விமானம் ஓட்டிய வில்லியம் வெல்மன் 1942-இல் இயக்கிய ‘தண்டர் பேர்ட்ஸ்’ அவற்றில் ஒன்று. அரிசோனா பாலைவனத்தில் ஒரு பயிற்சிக் களம். மேலே போனாலே தலைசுற்றும் ஓர் ஆங்கிலேய மாணவன். அவனை விடாப்பிடியாகத் தேற்றிவிடும் ஆசிரியர். இருவருக்கும் நடுவே ஒரு காதலி. நெஞ்சுரம் இருந்தால் யாரும் பறக்கலாம் என்பது சினிமாக் கணக்கு. ஆனால், அன்று பயிற்சி பெற்ற விமானிகள் பலரைக் கொன்றது பயமல்ல, காது.

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. உடல் திரும்பும்போது அவற்றிலுள்ள திரவம் சற்றுப் பின்தங்கி, மெல்லிய மயிரிழை உணர்விகளை வளைக்கும். ‘திரும்புகிறோம்’ என்று மூளைக்குச் சேதி போகும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சில நொடிகளில் திரவமும் கூடவே ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் சேதி நின்றுபோகும். மேகத்துக்குள் நுழைந்த விமானி வட்டமடித்துக்கொண்டே, நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்வான். விமானத்தை நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். ‘சரிசெய்கிறேன்’ என்று பழைய வட்டத்துக்கே போய்விடுவான். உயரம் குறைகிறதே என்று மூக்கை மட்டும் தூக்கினால் சுழல் இன்னும் இறுகும். தரை நெருங்கும்வரை உடம்பு எச்சரிக்காது.

ஆகவே விமானி பழக வேண்டியது, தன் உடம்பை நம்பாமல் முன்னிருக்கும் கருவிகளின் முள்களை நம்புவது. அதை ஆகாயத்தில் கற்பது ஆபத்து, செலவும் அதிகம். தரையிலேயே கற்றுக்கொடுக்க வழி கண்டவர் ஓர் இசைக்கருவித் தொழிற்சாலைக்காரரின் மகன். எட்வின் லிங்க். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் அவர் அப்பா தானியங்கிப் பியானோவும் ஆர்கனும் செய்தார். 1920-இல் எட்வின் முதல் பறத்தல் பாடம் எடுத்துக்கொண்டது சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளினின் நிறுவனத்தில். கட்டணம் 50 டாலர். குட்டிக்கரணமெல்லாம் போட்டு இறக்கிவிட்டார்களே தவிர, கட்டுப்பாட்டுத் தண்டைத் தொடக்கூட விடவில்லை.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 1929-இல் தயாரான லிங்க் டிரெய்னர். குட்டை இறக்கையும் வாலும் வைத்த நீல மரப்பெட்டி. ஆர்மோனியத்தில் இருப்பதுபோன்ற துருத்திகள் நான்கு அதைத் தாங்கும். நடுவில் எப்பக்கமும் சாயும் ஒரு மூட்டு. மின்சாரத்தில் ஓடும் பம்பு காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாணவன் தண்டை இடப்பக்கம் சாய்த்தால் ஒரு வால்வு திறந்து இடத் துருத்தி உறிஞ்சப்பட்டுச் சுருங்கும், வலத் துருத்திக்குள் காற்று புகும், பெட்டி சாயும். மூக்கை ஏற்றி இறக்க முன்பின் துருத்திகள். காலால் சுக்கான் பெடலை மிதித்தால், துருத்திகளாலேயே ஓடும் இன்னொரு மோட்டார் முழுப்பெட்டியையும் வட்டமாகத் திருப்பும். கணினி கிடையாது, எல்லாம் காற்றும் தோலும் செய்த வேலை.

மேல்மூடியைச் சாத்தினால் வெளியே எதுவும் தெரியாது. கருவிகளின் முள்களும் ஹெட்போனில் ஆசிரியரின் குரலும்தான் துணை. வெளியே ஆசிரியரின் மேசைமேல் விரித்த வரைபடத்தில், ‘நண்டு’ என்று பெயர் வாங்கிய சின்னச் சக்கர வண்டி ஊர்ந்து, மாணவன் ‘பறந்த’ பாதையை மையால் கீறிக்கொண்டே போகும். நேராகத்தான் வந்தேன் என்று இறங்கியதும் வாதிட இடமில்லை. இந்த இயந்திரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பாகம் அதுதான்.

முதலில் இதை வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள். 1934-இல் அமெரிக்க ராணுவத்தைத் தபால் விமானம் ஓட்டச் சொன்னார்கள். குளிர்காலத்து மூடுபனியில் சில வாரங்களிலேயே பல விமானிகள் செத்தார்கள். அதன் பிறகே ராணுவம் ஆறு பெட்டி வாங்கியது, ஒன்று 3,500 டாலர் விலையில். உலகப்போர் முடிவதற்குள் சுமார் 10,000 பெட்டிகள் தயாராகி, ஐந்து லட்சம் பேருக்குமேல் பயிற்சி அளித்திருந்தன. ‘பர்மா ராணி’ காலத்து இந்திய விமானி மாணவர்கள் ஹைதராபாத் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானத்தில் முதற்பாடம் படித்தார்கள். அப்படி வந்த பலர் 1944-இல் இம்பாலிலிருந்து ஹரிக்கேன் விமானங்களை பர்மா எல்லை மலைகளின் மேல் ஓட்டினார்கள். மழைக்கால மேகம் அவர்களுக்கு ஜப்பானியருக்குக் குறையாத எதிரி.

இப்போது ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலும் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கின்றன. 2022-இல் பயிற்சிப் பள்ளிக்கு இடம் ஒதுக்கப்பட்ட நிலையங்களில் அதுவும் ஒன்று. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முள்களை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிக்கு வேண்டிய 40 மணி நேரத்தில் பாதிவரை, லிங்க்கின் பெட்டியிலிருந்து வழிவந்த சிமுலேட்டரில் தரையிலேயே கழிக்கலாம்.