மூன்று பாதை பிரியும் ஊர்

திருச்சியிலிருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் வருகிறது கொடும்பாளூர். கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஊர் பின்னால் போய்விடும். ஆனால் இந்த ஊருக்கு வாழ்வு கொடுத்ததே சாலைதான்.

உறையூரிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்வது சிலப்பதிகாரத்தில் வருகிறது. கொடும்பை என்று அதில் வரும் இந்த ஊரின் நெடுங்குளத்தை அடைந்தால் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியுமாம். வலப்பக்கம் போனால் சிறுமலை, இடப்பக்கம் அழகர்மலை, நடுவே காடும் ஊர்களும் கலந்த வழி. மூன்றும் மதுரைக்கே போகும். சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் நடுவே இப்படியொரு முனையைப் பிடித்திருப்பவனை இரண்டு பக்கமும் அலட்சியப்படுத்த முடியாது. பிடித்திருந்தவர்கள் இருக்குவேளிர். சோழர்களிடம் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். போர்க்களத்திலும் அவர்கள் பக்கமே நின்றவர்கள். ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களுக்கு இது வானதியின் ஊர்.

அந்த வம்சத்துப் பூதி விக்கிரமகேசரி கட்டியதுதான் மூவர் கோயில். தன் பெயரில் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணா பெயர்களில் ஒவ்வொன்று என மேற்குப் பார்த்த மூன்று கோயில்கள். காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பத்தாம் நூற்றாண்டா என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை. நடுக்கோயிலும் தென்கோயிலும் விமானத்தோடு நிற்கின்றன. வடக்கே இருந்ததற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். கூரை விளிம்புக்குக் கீழே வரிசைகட்டிய பூதகணங்களை அவசரமில்லாமல் பாருங்கள். ஒன்றின் முகம் இன்னொன்றுக்கு இல்லை.

நடுக்கோயிலில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. தொடக்க வரிகள் அழிந்துவிட்டன. மிச்சத்தில் முன்னோர் வென்ற போர்கள் வரிசையாக வருகின்றன. எனக்கு அவற்றைவிடப் பிடித்தது கடைசிச் செய்தி: மதுரையிலிருந்து வந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகச் சைவத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றும், ஐம்பது துறவியருக்குச் சோறிடப் பதினொரு ஊர்களும் தரப்பட்டன. அந்தப் பாதையில் நடந்தது படை மட்டுமல்ல.

பக்கத்து ஐவர் கோயிலிலும் அடித்தளம்தான் எஞ்சியிருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து முசுகுந்தேசுவரர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. கொடும்பாளூர்ச் சிற்பங்களை முழுதாகப் பார்த்து முடிக்க எழும்பூருக்கும் போக வேண்டும். இவ்வூர்த் திரிபுராந்தகர் அங்குள்ள சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.