700: உயரமா, வேகமா?

கூடங்குளம் கடற்கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். 700 அடி உயரத்தில் ஒரு விமானம் பறந்தால், பனைமரங்களுக்கெல்லாம் மேலே, வெகு உயரத்தில் தெரியும். அதே 700 அடி பெங்களூரில் எங்கே இருக்கிறது? பூமிக்கு அடியில்!

இது வேடிக்கைக் கணக்கு அல்ல. விமானங்கள் இறங்கும்போது உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவது வழக்கம். பெங்களூரின் பழைய விமான நிலையமோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது.

பட்டப்பகலில் விபத்து

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து 146 பேருடன் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று பெங்களூருக்கு வந்தது. புத்தம் புதிய ஏர்பஸ் ஏ-320. பட்டப்பகல். வானமும் தெளிவு. ஆயினும் ஓடுபாதையை எட்டுமுன் கோல்ப் மைதானத்தில் மோதித் தீப்பிடித்தது. 92 பேர் மாண்டனர்.

காரணம் என்ன?

இரண்டு குமிழ்கள்

விமானிகளுக்கு எதிரே குமிழ்கள் வரிசையாக இருக்கும். ஒன்று, எந்த உயரத்துக்குப் போகவேண்டும் என்று சொல்வது. அதன் பக்கத்தில் இருப்பது, நிமிஷத்துக்கு எத்தனை அடி வீதம் இறங்கவேண்டும் என்று சொல்வது.

நிமிஷத்துக்கு 700 அடி வீதம் இறங்க விமானிகள் எண்ணினார்கள். ஆனால் 700 என்ற எண்ணை உயரக் குமிழில் வைத்துவிட்டிருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. எண் சரி, இடம் தப்பு!

இறங்கத்தானே சொல்கிறார்கள் என்று யந்திரம் என்ஜின்களைத் தணித்தே வைத்திருந்தது. விமானத்தின் வேகம் குறைந்துகொண்டே போயிற்று. அதைக் கவனித்து விசையைக் கூட்டியபோது காலம் கடந்துவிட்டது. தணிந்த ஜெட் என்ஜின் முழு வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகள் கிடைக்கவில்லை.

பிரான்சிலும்

1992 ஜனவரி 20-ல் பிரான்சில் இன்னொரு ஏ-320 மலையில் மோதி 87 பேர் இறந்தனர். 3.3 டிகிரி சரிவில் இறங்க எண்ணி 33 என்று வைத்தார்கள். யந்திரமோ நிமிஷத்துக்கு 3,300 அடி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் கருத்து. பிறகு, 3,300 என்றால் நான்கு இலக்கமும் தெரியும்படி கருவியைத் திருத்தினார்கள்.

இன்று விமானிகளுக்கு முக்கியமாகப் போதிக்கப்படும் பாடம் இதுதான்: குமிழைத் திருகியதோடு வேலை முடிந்துவிடாது. யந்திரம் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்று திரையைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

ஒருவர் கண் தவறவிட்டதை இன்னொருவர் கண் பிடித்துவிடும். விமானத்தில் இரண்டு விமானிகள் உட்கார்ந்திருப்பது அதற்கும்தான்!