பாடல்களைக் காக்கும் இடம்

திருமலை வேங்கடவன் கோயிலில் கல்லால் ஆன சிற்றறை ஒன்று உண்டு. ‘சங்கீர்த்தன பண்டாரம்’ என்பது அதன் பெயர். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) தெலுங்கிலும் வடமொழியிலும் இயற்றிய பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்று அவ்வறையில் வைக்கப்பட்டிருந்தன. ஓலைச்சுவடியைச் செல் அரிக்கும், செம்பை அரிக்காது. ஆதலால் பாடல்களின் சொற்கள் பல நூற்றாண்டுகள் அழியாமல் நின்றன. அவர் பாடியவை 32,000 என்பது மரபு. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 12,000.

எனினும், அவ்வேடுகள் நெடுங்காலம் எவருக்கும் பயன்படாமல் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் அறிஞர்கள் அவற்றைப் படியெடுத்து அச்சிட்டனர். பாடலின் தலைப்பில் இராகத்தின் பெயர் இருந்தது; இசைக்குறிப்பு இல்லை. பாடுவோர் மரபு அறுந்துவிட்டதால் பழைய மெட்டுகள் பெரும்பாலும் மறைந்துபோயின. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் புதிதாக மெட்டமைத்த பின்னரே அப்பாடல்கள் மீண்டும் மேடை ஏறின. பாடல் கெடாமல் இருப்பது ஒன்று, கேட்கப்படுவது மற்றொன்று. களஞ்சியத்திற்கு இவ்விரண்டும் வேண்டும்.

இவ்வுண்மை இன்றைய வீடுகளுக்கும் பொருந்தும். பழைய ஒலிநாடாக்களையும் குறுந்தகடுகளையும் கணினிக் கோப்புகளாக மாற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அக்கோப்புகளை வீட்டிலுள்ள கைப்பேசி, தொலைக்காட்சி, ஒலிபெருக்கி ஆகிய எல்லாவற்றிற்கும் அனுப்பும் மென்பொருளை ‘ஊடக வழங்கி’ என்பர். ஜெல்லிபின், நேவிட்ரோம் ஆகியவை விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள். அதனை எந்தக் கணினியில் நிறுவுவது என்பதே முதற் கேள்வி.

மடிக்கணினி எளிதாகத் தோன்றும். ஆனால், மூடியவுடன் அது உறங்கிவிடும். வெளியூருக்கு எடுத்துச் சென்றால் வீட்டில் பாட்டும் நின்றுவிடும். மேசைக்கணினி எப்போதும் விழித்திருக்கலாம், மின்செலவோ மிகுதி. 60 வாட் இழுக்கும் கணினி இரவும் பகலும் இயங்கினால் 30 நாளில் 43 யூனிட்டுக்கு மேல் ஆகும். ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினி சுமார் 5 வாட்டில் இயங்கினால் அதே காலத்தில் 3.6 யூனிட்டே ஆகும். திரைப்படத்தை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றி அனுப்பப் பெரும் கணிப்புத்திறன் தேவை. பாடலுக்கு அத்துணைத் தேவையில்லை. ஆதலின் இசைக்குச் சிறிய கணினியே போதும். தொலைவிலுள்ள வழங்கியை வாடகைக்கு எடுப்பதும் ஒரு வழி. ஆயின், மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். இணையம் அறுந்தால் வீட்டிலிருந்தே கேட்க இயலாது.

வைக்கும் இடமும் கருதத்தக்கது. கோடையில் திருப்பதி, சித்தூர் வட்டாரங்களின் வெயில் கடுமையானது. மூடிய அலமாரியில் வைத்த கருவி வெப்பமேறிக் கெடும். காற்றோட்டமுள்ள இடத்தில், ரவுட்டருக்கு அருகில் வைத்துக் கம்பிவழி இணைப்பது நன்று. திடீரென மின்சாரம் நின்றால் கோப்புகள் பழுதாகலாம். எனவே யுபிஎஸ் என்னும் மின்காப்புக் கருவியுடன் இணைத்தல் வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஒரே வட்டில் உள்ளது ஒரு நாள் இழக்கப்படலாம். கடையில் வாங்கிய பாடலை மீண்டும் வாங்கலாம். பாட்டி பாடிய தாலாட்டின் பதிவு வேறெங்கும் கிடைக்காது. சித்தூர் வீட்டில் வழங்கி இருக்குமாயின், மற்றொரு படியை வெளிவட்டில் எடுத்துத் திருப்பதியிலுள்ள உறவினரிடம் வைக்கலாம். ஒரு வீட்டைத் தாக்கும் தீயோ வெள்ளமோ இடியோ மற்றதைத் தீண்டாது.

ஒவ்வொரு கோப்பிலும் பாடியவர், இராகம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைப்பதும் கடமை. பெயரில்லாத பாடலைத் தேடிக் கண்டடைதல் அரிது. செப்பேட்டில் பொறித்தவர்களால் சொல்லையும் இராகப் பெயரையும் மட்டுமே காக்க முடிந்தது. இன்றைய தலைமுறைக்கோ குரலையும் காக்கும் வாய்ப்புக் கிட்டியுள்ளது. அக்குரல் நாள்தோறும் வீட்டில் ஒலிக்குமானால், அதனைக் கேட்டு வளரும் குழந்தையே அப்பாடலுக்கு அடுத்த இருப்பிடமாகும்.