‘ஒரு விரல் ஆழம்’ என்றால் எவ்வளவு?

‘விதையை 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றவும், 130 மைக்ரான் வடிகட்டி போடவும் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். வயலில் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டா வேலை செய்ய முடியும்? மைக்ரான் என்றால் கண்ணுக்குத் தெரியுமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கொங்குப் பகுதியில் ஒரு கிணற்றுப் பாசனத் தோட்டம். ஆவணி முகூர்த்தங்களுக்குக் காய் வர வேண்டும் என்று ஆனியில் வெண்டை போட்டார் ஒரு பெரியவர். எவ்வளவு ஆழம் ஊன்றுவது என்று கேட்டார். “ஒரு விரல் ஆழம் போதுங்க ஐயா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் போனால், பத்துக் குழிக்கு இரண்டு மூன்றில்தான் முளை. விதை சரியில்லையோ என்று மண்ணைக் கிளறிப் பார்த்தேன். விதை நல்ல விதைதான். முளைவிட்டு, மேலே வர முடியாமல் மண்ணுக்குள்ளேயே வளைந்து அழுகிப் போயிருந்தது. “நீங்க சொன்னபடிதானுங்க சார் போட்டோம்” என்று அந்த வீட்டு அம்மா ஆள்காட்டி விரலை முழுசாக நீட்டிக் காட்டினார். நான் சொன்னது விரலின் அகலம். சுமார் 2 செ.மீ. அவர்கள் ஊன்றியது விரலின் நீளம். சுமார் 7 செ.மீ. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. விளக்கிச் சொல்லாதது என் தப்பு. மறுபடி விதை வாங்கி, மறுபடி கூலி கொடுத்து ஊன்றினார்கள். ஆவணி விலையில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. அந்த 5 செ.மீ. வித்தியாசத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

உடம்பே அளவுகோல்

நம் முன்னோர் கணக்கில் 8 நெல் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். நெல்லுக்குக் கீழே எள், கடுகு, நுண்மணல், மயிர் என்று அளவு இறங்கிக்கொண்டே போகும். இதில் விரல் என்பது விரலின் அகலம்தான். என் சாண் 22 செ.மீ. அதை 12-ஆல் வகுத்தால் 1.8 செ.மீ. வருகிறது. என் விரலின் அகலமும் கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் ஆளுக்கு ஆள் கை வேறு. களை எடுக்க வரும் அம்மாவின் சாணும், ஏர் ஓட்டுகிறவரின் சாணும் ஒன்றாக இருக்காது. 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவை நாடு முழுவதும் கொண்டுவந்ததற்கு இப்படிப்பட்ட குழப்பமும் ஒரு காரணம். அதற்காகக் கையளவை விட்டுவிட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் ஸ்கேலை வாங்கி, உங்கள் கையை ஒரு தடவை அளந்துவிடுங்கள். சுண்டு விரல் நகத்தின் அகலம், பெருவிரலின் அகலம், ஆள்காட்டி விரலின் நீளம், சாண், முழம் ஆகிய ஐந்தும் போதும். பெரும்பாலான பெரியவர்களுக்குச் சுண்டு விரல் நகம் சுமார் 1 செ.மீ., பெருவிரல் 2 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும்.

கையை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி. சட்டைப் பையில் இருக்கும் ஏ.டி.எம். கார்டு எந்த வங்கியுடையதானாலும் நீளம் 85.6 மி.மீ., அகலம் 54 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்தைவிடச் சற்றே அதிகம்.

விதையும் நாற்றும்

சிறிய விதையில் உணவுச் சேமிப்பு குறைவு. மேலே வருவதற்குள் அது தீர்ந்துவிட்டால் முளை மண்ணுக்குள்ளேயே செத்துப்போகும். அதனால் விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுவான கணக்கு. ஈரம் காயும் மானாவாரி மண்ணில் கொஞ்சம் கூடலாம். எள்ளுக்கு 2 முதல் 3 செ.மீ., நிலக்கடலைக்கு 4 முதல் 5 செ.மீ. போதும். திருந்திய நெல் சாகுபடியில் நாற்றுக்கு நாற்று 25 செ.மீ. விட வேண்டும். உங்கள் சாண் 21 செ.மீ. என்றால் ஒரு சாணும் இரண்டு விரல் அகலமும்.

ஒரு மில்லி மீட்டர் மழை

‘நேற்று 5 மி.மீ. மழை’ என்று வானொலியில் கேட்டால், இதெல்லாம் ஒரு மழையா என்று தோன்றும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரம் நீர் நின்றால் அது 1 லிட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக, 1 மி.மீ. மழை ஏக்கருக்கு 4,000 லிட்டருக்கு மேல். வானிலைத் துறை 2.5 மி.மீ. பெய்தால்தான் அதை மழை நாள் என்று கணக்கில் எடுக்கும்.

இதே கணக்கைப் பாசனத்துக்கும் போட்டுப் பாருங்கள். நெல் வயலில் 2.5 செ.மீ. நீர் கட்டினால் ஏக்கருக்கு சுமார் ஒரு லட்சம் லிட்டர். தேவைக்கு மேல் ஒரு சுண்டு விரல் நக அகலம் கூடினாலே 40,000 லிட்டர் வீண். மோட்டார் ஓடுவதை மட்டும் பார்க்காமல் வரப்போரம் ஒரு குச்சி நட்டு, செ.மீ. கணக்கில் கீறல் போட்டு வையுங்கள்.

மழையை அளக்கத் தட்டையான அடியும், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமும் உள்ள டப்பா போதும். மரமும் கூரையும் இல்லாத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலை உள்ளே விட்டு அளந்து எழுதி வையுங்கள்.

புழு எத்தனை மில்லி மீட்டர்?

மக்காச்சோளப் படைப்புழு 2018-இல் நம் நாட்டுக்குள் வந்தது. முட்டையிலிருந்து வெளிவரும்போது புழு 2 மி.மீ.கூட இருக்காது. இலையில் பச்சையத்தைச் சுரண்டி, வெள்ளைத் திட்டுகளாக அடையாளம் விடும். சுமார் இரண்டு வாரத்தில் 34 மி.மீ. அளவுக்கு வளர்ந்து குருத்துக்குள் புகுந்துவிடும். அப்புறம் மருந்து அடித்தாலும் புழுவின்மேல் படுவது சிரமம். 5 மி.மீ.க்குள், அதாவது சுண்டு விரல் நகத்தில் பாதிக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால் செலவு குறையும். ‘புழு இருக்கிறது’ என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள். எவ்வளவு நீளம் என்றும் சொல்லுங்கள். பரிந்துரை அதைப் பொறுத்தே மாறும்.

மைக்ரான் என்பது

ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். கூர்மையான கண்ணுக்கு சுமார் 100 மைக்ரான் வரைதான் தெரியும். சொட்டுநீர் வடிகட்டியில் 120 மெஷ் என்று சொல்வது சுமார் 130 மைக்ரான் ஓட்டை; இரண்டு முடியை ஒட்டி வைத்த தடிமன். வலை கிழிந்திருந்தால் அதற்கு மேற்பட்ட மணல் உள்ளே போய்ச் சொட்டுவானை அடைக்கும்.

1998-இல் கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் கண்டறியப்பட்டு, பிறகு நம் தோப்புகளுக்கும் வந்த தென்னை ஈரியோபைட் சிலந்தி 200 மைக்ரான் சொச்சம்தான். குரும்பையின் தொப்பிக்கு அடியில் இருப்பதால் பூச்சியைப் பார்க்க முடியாது; அது விட்ட வெளிர் திட்டையும் பழுப்புத் தழும்பையும்தான் பார்ப்போம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

அந்த வெண்டைத் தோட்டத்துக்கு அடுத்த ஆண்டும் போனேன். அந்த அம்மா ஒரு மூங்கில் குச்சியில் 2 செ.மீ. உயரத்தில் நூல் சுற்றி வைத்திருந்தார். “இதுக்கு மேல மண்ணுல இறங்கக் கூடாதுங்க” என்று ஆட்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு நானும் யாரிடமும் ‘ஒரு விரல் ஆழம்’ என்று வெறுமனே சொல்வதில்லை. குச்சியில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.

உங்கள் கையை அளந்துவிட்டீர்களா? அடுத்த முறை கேள்வி எழுதும்போது, இலைப்புள்ளியோ புழுவோ வேரோ எதுவானாலும் அதன் அளவையும் சேர்த்து எழுதுங்கள். பதில் சொல்ல எங்களுக்கும் சுலபமாக இருக்கும்.