மாங்காய் பறிக்கும் செல்

காய்ச்சல் வந்தால் நம் உடம்பு கிருமியோடு சண்டை போடும். இது உனக்கே தெரியும். அந்தச் சண்டையை நிறுத்துவது யார்? இப்படிக் கேட்கத் தோன்றியிருந்தால், சபாஷ் கண்ணா! அருமையான கேள்வி.

நம் ரத்தத்தில் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் உண்டு. அவற்றில் பல, கிருமி புகுந்த செல்லைத் தேடிக் கொல்பவை. கிருமி ஒழிந்த பிறகும் அடங்காவிட்டால், நம் தோலையும் குடலையுமே தாக்கிவிடும். அவற்றை அடக்கவென்றே தனியாக ஒரு வகை டி செல் இருக்கிறது. 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அதை அடையாளம் காட்டினார். ஒழுங்குபடுத்தும் டி செல் என்று அதற்குப் பெயர்.

அது எப்படி அடக்குகிறது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பக்கத்தில் வந்து உட்கார்.

டி செல் தானாகக் கிளம்பாது. டென்ட்ரைட்டிக் செல் என்ற இன்னொரு செல், கிருமியின் துணுக்கு ஒன்றை அதற்குக் காட்ட வேண்டும். அதுமட்டும் போதாது. டென்ட்ரைட்டிக் செல்லின் மேல் சிடி80, சிடி86 என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். டி செல் தன்னுடைய சிடி28 புரதத்தால் அவற்றைத் தொட வேண்டும். துணுக்கையும் பார்க்கணும், புரதத்தையும் தொடணும். புரிகிறதா? இல்லையென்றால் இன்னொரு தடவை படி. அவசரமே இல்லை.

ஒழுங்குபடுத்தும் செல்லிடம் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் இருக்கிறது. சிடி28-ஐவிட இதன் பிடி மிகவும் இறுக்கம். தாழ்ந்த கிளையில் தொங்கும் மாங்காய்களை முதலில் வந்த பிள்ளை பறித்துத் தின்றுவிட்டால், பின்னால் வருகிறவனுக்கு என்ன மிஞ்சும்? வெறும் காம்புதானே! அதேபோல் இந்தச் செல்லும் சிடி80, சிடி86 புரதங்களைப் பிய்த்து, தனக்குள் இழுத்து, சிதைத்துவிடும். அடுத்து வரும் டி செல்லுக்குத் துணுக்கு தெரியும். தொடத்தான் ஒன்றும் இருக்காது.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்! சிடி86-ஐப் பச்சையாக ஒளிரும்படி செய்து நுண்ணோக்கியில் கவனித்தார்கள். அந்தப் பச்சை ஒளி, சிடிஎல்ஏ-4 உள்ள செல்லுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. 2011-இல் வந்த செய்தி இது.

இந்த ஒழுங்குபடுத்தும் செல் இன்னும் ஒரு வேலை செய்கிறது, கேள். டி செல்கள் பெருக இன்டர்லூகின்-2 என்ற புரதம் வேண்டும். ஒழுங்குபடுத்தும் செல் அதைத் தயாரிப்பதே இல்லை. ஆனால் அதைப் பிடிக்கும் சிடி25 புரதம் அதன்மேல் ஏராளம். சுற்றிலும் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். மற்ற டி செல்களுக்குப் பற்றாக்குறை!

இத்தனைக்கும் ஆணையிடுவது ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு. அது பழுதான எலிக்குட்டிகள் தோலெல்லாம் செதில் செதிலாகி, சில வாரங்களில் இறந்துவிடும். காரணமான மரபணுவை 2001-இல் கண்டுபிடித்தவர்கள் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும். சகாகுச்சியோடு சேர்த்து இவர்களுக்கு 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சிடிஎல்ஏ-4-இன் வெளிப்பகுதியை வைத்தே அபாடாசெப்ட் என்று ஒரு மருந்தும் செய்திருக்கிறார்கள். சிடி80, சிடி86 புரதங்களை அது மூடிக்கொள்ளும். முடக்குவாதத்தால் மூட்டு வீங்கித் தவிக்கிற, உன் வயதுப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்கிறார்கள்.