மலைக்கும் ஸ்டோருக்கும் இடையில்

மென்பொருளை எழுதுவோரையும், அது நாள்தோறும் தடையின்றி ஓடுமாறு பார்த்துக்கொள்வோரையும் ஒரே பொறுப்பின்கீழ்க் கொண்டுவரும் வேலைமுறைக்கு டெவொப்ஸ் என்று பெயர். ஆக்கத்தைக் குறிக்கும் டெவலப்மென்ட், இயக்கத்தைக் குறிக்கும் ஒப்பரேஷன்ஸ் ஆகிய இரு சொற்களின் தலைப்பகுதிகள் ஒட்டிப் பிறந்த இப்பெயர், 2009 ஒக்டோபரில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பற்றிக் டெபுவா கூட்டிய மாநாட்டோடு பரவத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில், நிழற்பட இணையத்தளமான பிளிக்கரைச் சேர்ந்த ஜோன் ஓல்ஸ்போ, போல் ஹேமண்ட் ஆகிய இருவரும் தங்கள் தளத்தில் ஒரே நாளில் பத்துக்கு மேற்பட்ட தடவை மாற்றங்கள் வெளியாவதாக மேடையில் விளக்கியபோது, சில மாதங்களுக்கு ஒரு முறை, அதுவும் நடுக்கத்தோடு, மாற்றம் செய்து பழகியிருந்த துறை வியந்து பார்த்தது.

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு, இவ்வேலைமுறை தீர்க்க முனையும் சிக்கல் புதியதன்று. தோட்டத் தமிழில் கொழுந்து பறிக்கும் நிலம் மலை. அக்கொழுந்து தேயிலையாகும் தொழிற்சாலை ஸ்டோர். மலைக்குப் பொறுப்பானவர்கள் அன்றைய கிலோக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் தூளின் தரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வந்திறங்கிய கொழுந்தில் ஒரு கைப்பிடியை அள்ளிப் பரப்பி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக உள்ளதை ஒரு பக்கமும், முற்றிய இலையையும் காம்பையும் மறு பக்கமுமாகப் பிரித்து எண்ணும்போதே அன்றைய வாக்குவாதம் தொடங்கிவிடும். சாக்கில் அமுக்கித் திணித்த கொழுந்து, வாட்டும் தொட்டியை அடையுமுன்பே சூடேறிச் சிவந்துவிட்டால், பிழை பறித்தவருடையதா, ஏற்றியவருடையதா, இறக்கத் தாமதித்தவருடையதா என்பது எளிதில் முடிவாவதில்லை. மென்பொருள் நிறுவனத்தில், கணினிக்கான கட்டளைத் தொகுப்பாகிய நிரலை எழுதியவர் "என் கணினியில் ஓடியதே" என்பதும், பலருக்கும் ஒருங்கே சேவை தரும் சேர்வர் என்னும் பொதுக் கணினியைப் பார்த்துக்கொள்பவர் "தந்ததே பழுது" என்பதும் இதே வாக்குவாதந்தான்.

இதற்கு டெவொப்ஸ் தரும் முதல் விடை, மாற்றங்களைச் சிறு சிறு அளவில் அடிக்கடி வெளியிடுவதாகும். ஒரு மலையைப் பறித்து முடித்து மறுபடி அதே மலைக்கு வரும் கால இடைவெளியை வட்டம் என்பர்; வட்டம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் திரும்பினால் கொழுந்து இளசாக இருக்கும், தள்ளிப்போனால் முற்றிவிடும், முற்றியதைக் கழித்துப் பறிப்பதற்கோ ஆட்களும் நேரமும் கூடுதலாகத் தேவைப்படும். மூன்று மாதமாகச் சேர்த்துவைத்த இருநூறு மாற்றங்களை ஒரே இரவில் வெளியிடும் நிறுவனமும், வட்டம் தவறிய மலையைப் போலவே, எங்கே கைவைப்பது என்று தெரியாமல் நிற்கும். ஆகவே ஒவ்வொருவரும் எழுதியதை அன்றன்றே பொது நிரலோடு சேர்த்து, சோதனைகளை இயந்திரமே ஓட்டிப் பார்க்கச் செய்வது தொடர் ஒருங்கிணைப்பு என்றும், சோதனையில் தேறியதை எந்த நேரமும் வெளியிடத்தக்க நிலையில் வைத்திருப்பது தொடர் விநியோகம் என்றும் வழங்கப்படுகின்றன.

அடுத்த விடை, வெளியிடும் வேலையையும் இயந்திரத்திடம் ஒப்படைப்பதாகும். அதனை மனிதக் கையின் நினைவாற்றலுக்கு விட்டுவிடுவதன் விலை என்ன என்பதற்கு, அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கெப்பிட்டல் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதிக்கு முன்னர் எட்டுச் சேர்வர்களில் ஏற்றப்பட்டிருக்க வேண்டிய புதிய நிரல் ஏழில் மட்டுமே ஏற்றப்பட்டிருந்தமையால், எஞ்சிய ஒன்றில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்க, ஏறத்தாழ 45 நிமிடங்களில் 440 மில்லியன் டொலர் அளவில் நட்டம் விளைந்தது.

ஒரு நிறுவனம் டெவொப்ஸ் முறைக்கு உண்மையாகவே மாறிவிட்டதா என்பதை மதிப்பிட, நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோரின் ஆய்வு வழியாக நான்கு அளவைகள் நிலைபெற்றுள்ளன. 2018இல் அவர்கள் நூலாகவும் வெளியிட்ட அவ்வாய்வு இன்று டோரா என்ற பெயரில் கூகுளின் கீழ் தொடர்கிறது. அவ்வளவைகளைத் தோட்டச் சம்பளக் கணக்கை வைத்தே விளக்கலாம். 2021 மார்ச்சில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 900 ரூபாய் அடிப்படையும் 100 ரூபாய் படியுமாக 1000 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. 2024இல் அது 1350 ரூபாயானது. யார் எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலை, போட்டார், எத்தனை கிலோ கூடுதலாக எடுத்தார் என்பதைக் காட்டும் செக்ரோல் கணினியில் இருக்கும் தோட்டத்தில், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் புதிய தொகையின்படி கணிக்கப்பட வேண்டும். அம்மாற்றம் நிரலில் எழுதப்பட்டதிலிருந்து சம்பளச் சிட்டையில் தோன்றும்வரை செல்லும் காலம் முதல் அளவை. இத்தகைய மாற்றங்கள் எவ்வளவு அடிக்கடி வெளியாகின்றன என்பது இரண்டாவது. வெளியானவற்றுள் எத்தனை பங்கு பழுதை உண்டாக்கின என்பது மூன்றாவது. பழுது கண்ட சேவை மீள எவ்வளவு நேரம் பிடித்தது என்பது நான்காவது. முதல் அளவையை நிரல் எழுதிய நாளிலிருந்தே எண்ணுவது வழக்கமெனினும், தொழில் நடத்துவோர் வர்த்தமானி வந்த நாளிலிருந்து எண்ணுவதே நேர்மையானது. காத்திருக்கும் தொழிலாளிக்கு நிரல் எழுதப்பட்ட நாள் ஒரு பொருட்டன்று. முதலிரண்டும் வேகத்தையும் பின்னிரண்டும் உறுதியையும் காட்டுவன. வேகம் கூடினால் உறுதி குறையும் என்ற பொது நம்பிக்கைக்கு மாறாக, சிறப்பாக இயங்கும் நிறுவனங்களில் இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன என்பதே அவ்வாய்வின் முதன்மையான முடிவு.

ஆயினும் அளவை எதுவும், ஆளைப் பிடிக்கும் பொறியாக மாறிய கணமே பொய்க்கத் தொடங்கும். நிறுவையை மட்டும் பார்த்துக் கைக்காசு கொடுக்கும் தோட்டத்தில், சாக்கில் காம்பும் கரட்டு இலையும் ஏறுவது இயல்பு. பறிப்பவரின் குணக்கேடாக அதனைக் கொள்வதைவிட, கேட்டது கிலோ, கிடைத்ததும் கிலோ என்று கொள்வதே பொருந்தும். வெளியீட்டு எண்ணிக்கையை மட்டும் கேட்கும் முகாமையாளருக்கும் ஒரு வரி மாற்றமே பத்து வெளியீடாகப் பிரித்துக் காட்டப்படும். பழுது நேர்ந்தபின் யார் செய்தார் என்பதை விட்டு, எது அதற்கு இடமளித்தது என்று கேட்கும் பழியில்லா மீளாய்வை டெவொப்ஸ் வலியுறுத்துவதும் இதனாலேயே. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் பிரட்டுக் களத்தின் அதிகார அடுக்கில் பழகிய சூழலில், எந்தக் கருவியை வாங்குவதைவிடவும் கடினமானது இந்தப் பகுதிதான்.

மலையும் ஸ்டோரும் தனித்தனியே தப்பிக்க முடியாத ஓர் அளவை கொழும்பில் இருக்கிறது. தரகர்கள் மாதிரியைச் சுவைத்து எழுதும் குறிப்பும், அங்கு நடக்கும் தேயிலை ஏலத்தில் கிடைத்த விலையும் தோட்டத்துக்குத் திரும்பி வரும்போது, அவை இரு தரப்புக்கும் பொதுவான தீர்ப்பாக அமைகின்றன. காய்ந்த காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான, பதுளை அடங்கும் ஊவாவின் தரப் பருவத்தில் அத்தீர்ப்பு இன்னும் கூர்மையாகிறது. 1883இல் தொடங்கிய அந்த ஏலம், கூவி விலை கேட்கும் மரபைக் கொவிட் பரவிய 2020 ஏப்ரலில் கைவிட்டு, கணினித் திரைக்கு மாறியது. அது முதல், அப்புத்தளையிலோ பசறையிலோ காய்ந்த தூளுக்கு விலை கிடைப்பதும் ஒரு மென்பொருள் விற்பனை நாளில் விழாமல் நிற்பதைப் பொறுத்ததாயிற்று.

தேயிலைக்கும் கணினிக்கும் உள்ள உறவு இதனினும் பழையது. வணிக வேலைக்கு முதன்முதலில் கணினியை ஓட்டியது, 1951இல் லண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனமே. லியோ எனப்பட்ட அக்கணினியின் வேலைகளை வகுத்த டேவிட் கேமினர், அதற்கு முன் அந்நிறுவனத்தின் அலுவலக முறைகளை ஆராய்ந்து நடத்திவந்தவர். பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் தேயிலைத் தொழில்நுட்பமும் கணினி அறிவியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. இரு துறை மாணவரும் ஒரே சிற்றுண்டிச்சாலையில் தேநீர் குடிப்பதே நல்ல தொடக்கமாகலாம்.

நிறுவனங்கள் பெரும்பாலும் கருவி வாங்குவதில் தொடங்குகின்றன. அதற்கு முன், அண்மையில் செய்த ஒரேயொரு மாற்றத்தை எடுத்து, கேட்ட நாள் முதல் பயனாளியின் கையில் சேர்ந்த நாள் வரை அது யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்பது செலவில்லாத வேலை. எழுதவும் சோதிக்கவும் சில நாட்களே சென்றிருக்க, மிச்ச நாட்கள் முழுவதும் ஒப்புதலுக்கும் கைமாற்றலுக்குமாகக் காத்துக் கிடந்ததாக அத்தாள் காட்டுமானால், கொழுந்து சிவந்தது மலையிலுமன்று, ஸ்டோரிலுமன்று. இடையில் நின்ற லொறியில்.